ஏற்காட்டு மலையில் ஒரு சதவீதத்தின் விலை

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். எரிபொருள் மின்கலத்துக்கு வேண்டிய ஹைட்ரஜனும் அந்த வழியாகத்தான் மேலே போயாக வேண்டும். 50 கிலோவுக்கு மேல் எடையுள்ள சாதாரண சிலிண்டருக்குள் இருப்பது சுமார் 600 கிராம் ஹைட்ரஜன். அதிலிருந்து கைக்கு வருவது ஏறக்குறைய 9 யூனிட் மின்சாரம். இந்தக் கணக்கு மனதில் பதிந்துவிட்டால், கன்வெர்ட்டரில் வீணாகும் ஒவ்வொரு வாட்டும் உறுத்தும்.

காற்றிலும் மழையிலும் சில்வர் ஓக் கிளை முறிந்து கம்பியில் விழுந்தால், சேர்வராயன் மலைத் தோட்டங்களில் கரண்ட் திரும்ப நேரம் பிடிக்கும். டீசல் ஜெனரேட்டருக்கு மாற்றாக 1 கிலோவாட் எரிபொருள் மின்கலத்தை அங்கே ஒரு காப்பித் தோட்டத்தில் வைத்துச் சோதித்தோம். கன்வெர்ட்டர் என் பொறுப்பு. அதில் கற்றவற்றை, இந்தத் துறைக்கு வரும் இளைஞர்களுக்காக எழுதுகிறேன்.

1. மின்கலத்தின் குணத்தைப் படியுங்கள்

பேட்டரியைப் போல இது ஒரே வோல்டேஜில் நிற்காது. 48 செல் கொண்ட அடுக்கு, சுமை இல்லாதபோது 45 வோல்ட் காட்டும். முழுச் சுமையில் 31 வோல்ட்டுக்கு இறங்கும். நமக்கோ, கூடவே இணைத்திருக்கும் பேட்டரிக்கு ஏற்ப 54 வோல்ட் வேண்டும். ஆகவே வோல்டேஜை உயர்த்தும் பூஸ்ட் கன்வெர்ட்டர் அவசியம். சுமை கூடக் கூட வோல்டேஜ் இறங்குவதால், கரண்ட் மிக அதிகமாக ஓடும் நேரத்தில்தான் கன்வெர்ட்டர் மிக அதிகமாக உயர்த்த வேண்டியிருக்கும். வடிவமைப்பை அந்த 31 வோல்ட்டிலிருந்து தொடங்குங்கள்.

2. மில்லிஓம்களைத் துரத்துங்கள்

31 வோல்ட்டில் 1 கிலோவாட் என்றால் 32 ஆம்பியர். அந்தப் பாதையில் மொத்தம் 10 மில்லிஓம் இருந்தாலே 10 வாட், அதாவது ஒரு சதவீதம், சூடாகிப் போய்விடும். முழுச் சுமையில் ஓடவிட்டு, மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, லக், ஃப்யூஸ், சோக், போர்டின் செம்புத் தடம் என ஒவ்வொன்றின் இரு முனையிலும் தொட்டுப் பார்ப்பேன். ஒரு லக்கில் 100 மில்லிவோல்ட் காட்டினால் 3 வாட் அங்கேயே போகிறது. விலை உயர்ந்த மாஸ்ஃபெட் வாங்குமுன் ஸ்பேனரை எடுத்து முறுக்குங்கள்.

அடுத்தது டயோடு. ஷாட்கி டயோடில் சுமார் 9 வாட் போகும். அந்த இடத்தில் 5 மில்லிஓம் மாஸ்ஃபெட் வைத்தால் 3 வாட்தான். ஆனால் சுமை குறைந்ததும் அது அணைந்தாக வேண்டும். இல்லையேல் பேட்டரியின் மின்சாரம் அடுக்குக்குள் பின்னால் பாயும். அதை அடுக்கு தாங்காது. 54 வோல்ட் வேலைக்குச் சிலிக்கான் கார்பைடும் தேவையில்லை; நல்ல சிலிக்கான் மாஸ்ஃபெட்டே போதும்.

3. சீரான கரண்ட்டை மட்டும் எடுங்கள்

வீட்டுச் சுமைக்கு இன்வெர்ட்டர் மாட்டினால், அது விநாடிக்கு 100 முறை ஏறி இறங்கும் கரண்ட்டை இழுக்கும். அந்த அலை மின்கலம் வரை போனால், சராசரி சரியாக இருந்தாலும் உச்சத்தில் எரிவாயு போதாமல் போகலாம். கன்வெர்ட்டரின் கட்டுப்பாடு அடுக்கிலிருந்து எடுக்கும் கரண்ட்டைச் சீராகப் பிடித்து நிறுத்தட்டும். ஏற்ற இறக்கத்தைப் பேட்டரி ஏற்கட்டும்.

ஸ்விட்சிங்கால் வரும் ரிப்பிளுக்கு, ஒன்றுக்குப் பதில் இரண்டு பூஸ்ட் பிரிவுகளை அரைச் சுற்று தள்ளி ஓட்டுவது நல்ல வழி. 31-இலிருந்து 54-க்கு உயர்த்தும்போது டியூட்டி 43 சதவீதம். 50-இல் இரண்டின் ரிப்பிளும் முழுதாக ஒன்றையொன்று அழிக்கும் என்பதால், அதற்கு அருகிலுள்ள இங்கேயும் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது. 2014-இல் வந்த டொயோட்டா மிராய் காரிலும் 370 செல்லின் வோல்டேஜை 650 வோல்ட் வரை உயர்த்த, இதே முறையில் நான்கு பிரிவு பூஸ்ட் கன்வெர்ட்டர் இருந்தது.

4. மலைக் காற்றைக் கணக்கில் எடுங்கள்

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. ஆக்சிஜனும் அதே அளவு குறைகிறது. அதே கரண்ட்டுக்கு ஊதுவிசிறி வேகமாகச் சுழல வேண்டும், அது கேட்ட வேகத்தை எட்டவும் நேரமாகும். சென்னையில் வைத்த கரண்ட் ஏறும் வேகத்தை மேலே குறைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சில விநாடிகளைப் பேட்டரி சமாளிக்கும். குளிர் ஊர்தானே என்று ஹீட்சிங்கையும் சிறிதாக்காதீர்கள். காற்றின் அடர்த்தி குறைந்தால் அது எடுத்துச் செல்லும் சூடும் குறையும்.

5. ஈரத்தை வெளியே நிறுத்துங்கள்

ஒவ்வொரு யூனிட் மின்சாரத்துக்கும் இந்த மின்கலம் அரை லிட்டருக்கு மேல் தண்ணீரை வெளியேற்றும். வெளியே பனிமூட்டம், உள்ளே நீராவி. வெளியேற்றக் குழாயைக் கன்வெர்ட்டர் பெட்டியிலிருந்து விலக்கி, சரிவாகக் கொண்டுபோங்கள். போர்டுக்குப் பாதுகாப்புப் பூச்சு கட்டாயம். நின்றிருக்கும் இரவுகளில் பெட்டிக்குள் சிறு வெதுவெதுப்பு இருந்தால் பனிநீர் கோக்காது.

6. கால் சுமையில் அளந்து பாருங்கள்

தோட்டத்தில் பெரும்பாலான நேரம் ஓடுவது சில விளக்குகளும் ஒரு ஃப்ரிட்ஜும்தான். குறைந்த சுமையில் மின்கலத்தின் திறன் கூடும். கன்வெர்ட்டரின் திறனோ குறையும், ஏனெனில் கட்டுப்பாட்டுச் சுற்றுக்கும் ஸ்விட்சிங்குக்கும் போகும் நிலையான இழப்பு அப்படியே இருக்கும். அந்த நேரத்தில் இரண்டு பிரிவில் ஒன்றை அணைத்துவிடுங்கள். திறன் விவரத்தாளில் முழுச் சுமை எண்ணை மட்டும் போடுவது பயனருக்கு நியாயமில்லை.

இத்தனை உழைப்பும் எதற்கு? 92 சதவீதத் திறனை 96 ஆக்கினால், 25 சிலிண்டர் செய்யும் வேலையை 24 சிலிண்டர் செய்யும். கன்வெர்ட்டரின் சூடு பாதியாகும். மின்கல வேலை நம் நாட்டிலேயே நடக்கிறது: சென்னையில் ஐஐடி ஆராய்ச்சிப் பூங்காவில் ஏஆர்சிஐ ஆராய்ச்சி நிறுவனத்தின் எரிபொருள் மின்கல மையம் இயங்குகிறது. கொச்சி கப்பல் கட்டும் தளம் உருவாக்கிய ஹைட்ரஜன் படகு, 2024 பிப்ரவரி 28-இல் தூத்துக்குடி விழாவில் தொடங்கிவைக்கப்பட்டது. மின்கலத்தைப் பற்றிப் பேசப் பலர் இருக்கிறார்கள். அதன் மின்சாரத்தை வீணாக்காமல் சுமையிடம் சேர்க்கும் பொறியாளர்கள் இன்னும் நிறையப் பேர் வேண்டும். பவர் எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் தம்பி தங்கைகளே, இந்த வேலைக்கு வாருங்கள்.