கடைக்கு வரும் நாயும் நம் நடத்தையும்

கடைக்குள் வளர்ப்பு நாய் வந்தால் சிலர் அலறி விரட்டுகிறார்கள். மார்க்கம் அப்படிக் கற்றுத் தரவில்லை.

ஷாஃபிஈ மத்ஹபில் நாய் நஜீஸ். ஈரத்துடன் பட்ட இடத்தை 7 முறை கழுவ வேண்டும். அதில் ஒரு முறை மண் கலந்த நீரால். ஈரமின்றி உரசினால் கழுவத் தேவையில்லை. ஹனஃபி மத்ஹபில் எச்சில்தான் அசுத்தம், உடல் அல்ல.

தாகித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கி நீர் மொண்டு புகட்டியவரை அல்லாஹ் மன்னித்தான் என்பதும் நபிமொழியே.

கடைக்காரர்களே! "வாசலிலேயே நில்லுங்கள், வேண்டியதை எடுத்துத் தருகிறேன்" என்று கனிவாகச் சொல்லுங்கள்.

நாய் வளர்ப்போரே! கேட்டுவிட்டு நுழையுங்கள், வாரைக் குறுக்கிப் பிடியுங்கள். தொழுகைக்குச் செல்பவரின் ஆடையில் எச்சில் பட்டால் அவருக்கு ஜமாஅத் தவறிப்போகலாம்.