தகரப்பெட்டிக் காசு: விற்பதா, வைப்பதா?

அதிராம்பட்டினத்துப் பழைய வீட்டுத் தகரப்பெட்டி ஒன்றைத் தரையில் கவிழ்த்தால் மூன்று நாட்டுக் காசு உருளும். கொழும்புக் கடையில் நின்றவர் கொண்டுவந்த இலங்கைச் சதம், பினாங்குக்குச் சபர் (பயணம்) போனவர் மிச்சம் பிடித்த சதுர சென்ட், விக்டோரியா ராணியின் மூக்கு தேய்ந்துபோன வெள்ளி ரூபாய், நடுவில் ஓட்டை போட்ட காலணா. கூடவே, வயலில் கிடைத்ததா வாய்க்காலில் கிடைத்ததா என்று யாருக்கும் நினைவில்லாத செப்புத் துண்டுகள் நாலைந்து.

வருடக்கணக்கில் சீண்டுவாரில்லாமல் கிடக்கும் அந்தப் பெட்டிக்கு, வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்ததும் திடீர் மவுசு வந்துவிடும். ‘உங்களிடம் இந்தக் காசு இருக்கிறதா? பத்து லட்சம் தயார்!’ சவூதியிலிருந்து மகன் அழைத்து, “உம்மா, வாப்பா காலத்துக் காசையெல்லாம் யாருக்கும் கொடுத்துடாதீங்க” என்பான். மருமகனோ, பட்டுக்கோட்டைக்கு எடுத்துப்போய் எடை போட்டுப் பார்த்துவிடலாம் என்பார். விற்பதா வேண்டாமா என்ற பேச்சு இப்படித்தான் தொடங்குகிறது. பெரும்பாலும் பொய்க் கணக்கை வைத்துக்கொண்டு தொடங்குகிறது.

நம்பிக்கை: பழைய காசு என்றாலே பெரிய விலை.

வயதுக்கும் விலைக்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது. முதலாம் ராஜராஜனின் செப்புக் காசையே எடுத்துக்கொள்ளலாம். ஒரு பக்கம் நிற்கும் மனித உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவமும் நாகரி எழுத்தில் அரசன் பெயரும். ஆயிரம் வயது ஆன காசு. ஆனால் டெல்டாவிலும் இலங்கையிலும் ஏராளமாகக் கிடைத்துவிட்டதால், தேய்ந்த காசு சில நூறு ரூபாய்க்கே கைமாறுகிறது. அந்தச் சதுர சென்ட்டுக்கும் இதே கதைதான். வடிவம் விநோதமாக இருப்பதால் அரியது என்று தோன்றும். மலாயாவுக்கென்று அதைக் கோடிக்கணக்கில் அடித்தார்கள். நாகப்பட்டினம் பக்கத்தில் ‘வி.ஓ.சி.’ முத்திரையோடு கிடைக்கும் செப்புக் காசும் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி மூட்டை மூட்டையாகப் புழங்கவிட்டதுதான். கப்பலோட்டிய தமிழருக்கும் அதற்கும் தொடர்பில்லை.

விலையைத் தீர்மானிப்பவை மூன்று: இன்னும் எத்தனை மிஞ்சியிருக்கின்றன, எந்த நிலையில் இருக்கின்றன, தேடுகிறவர் எத்தனை பேர். 1911ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் இதற்கு நல்ல உதாரணம். அரசரின் அங்கியில் பொறித்த யானை, பார்ப்பவர் கண்ணுக்குப் பன்றி போலத் தெரிந்தது. இந்துக்களும் முஸ்லிம்களும் ஒருசேர முகம் சுளிக்க, அரசாங்கம் பதறிப்போனது. 90 லட்சத்துக்கு மேல் அடித்ததில் சுமார் 7 லட்சம் மட்டுமே வெளியே போயிருந்தது. மீதியை உருக்கிவிட்டு, தும்பிக்கையும் காதும் தெளிவாகத் தெரியும்படி அடுத்த ஆண்டு அச்சை மாற்றினார்கள். அதனால்தான் 1911 ரூபாய்க்கு 1912 ரூபாயைவிடச் சில மடங்கு விலை. இடையில் இருப்பது ஒரே ஒரு வருடம்.

1939ஆம் ஆண்டு ஆறாம் ஜார்ஜ் ரூபாய் இன்னும் அரிது. அரிது என்பதாலேயே அதில் போலியும் அதிகம். பெட்டியில் ஒன்று கிடைத்தால், துள்ளுவதற்கு முன்னால் விவரம் தெரிந்தவரிடம் காட்டுவது நல்லது.

மற்ற வெள்ளி ரூபாய்களுக்குக் கணக்கு எளிது. பழைய ரூபாயின் எடை 11.66 கிராம். அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு கழிவு, சுத்த வெள்ளி சுமார் 10.69 கிராம். வெள்ளி கிராம் 200 ரூபாய் என்று வைத்தால் உலோக மதிப்பு சுமார் 2,140 ரூபாய். 1940இலிருந்து வந்த ரூபாயில் வெள்ளி பாதிதான். 1947 ரூபாயில் வெள்ளியே இல்லை, அது நிக்கல். எடைக்கு விற்பதில் குற்றமில்லை. ஆனால் ஆண்டைப் பார்க்காமல் மொத்தமாகத் தராசில் கொட்டினால், 1911உம் அதோடு போய்விடும்.

காசுமாலையைப் பிரித்து விற்கிறவர்களும் ஒரு விஷயம் கவனிக்கலாம். லண்டன் சவரன் என்று நினைத்திருப்பது பம்பாயில் அடித்ததாக இருக்கலாம். 1918 என்ற ஒரே ஆண்டில்தான் அங்கே சவரன் அடித்தார்கள். குதிரையின் காலடியில், ஆண்டுக்கு மேலே, ‘ஐ’ என்ற பொடி ஆங்கில எழுத்து இருக்கும். ஆனால் மாலையில் கோக்கக் காது பற்றவைத்த காசை அந்த எழுத்தும் முழுதாகக் காப்பாற்றாது. பற்றவைப்பின் தழும்பு சேகரிப்பாளர் தரும் கூடுதல் விலையைத் தின்றுவிடும்.

நம்பிக்கை: வைஷ்ணவ தேவி காசுக்கும் 786 நோட்டுக்கும் லட்சங்கள் கிடைக்கும்.

வைஷ்ணவ தேவி உருவத்தோடு 5 ரூபாய், 10 ரூபாய் காசுகள் 2012இல் வந்தன. அந்தக் கோயில் வாரியத்தின் 25ஆம் ஆண்டு நினைவுக்காக வெளியிட்டது. புழக்கத்துக்கே விட்ட காசு அது. டீக்கடைச் சில்லறையில் இன்றும் வரும்.

786இன் கதை வேறு. அந்த எண்ணின் மேல் மரியாதை உள்ளவர்கள் ஐந்தோ பத்தோ கூடுதலாகக் கொடுத்து வாங்குவது உண்டு. அது அவர்கள் விருப்பம். அரியதா என்றால், கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஆறு இலக்க எண்ணில் 786 எங்காவது சேர்ந்து வரும் நோட்டு ஆயிரத்துக்கு நான்கு. அரசாங்கம் கோடிக்கணக்கில் நோட்டு அடிக்கிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதிராம்பட்டினம் போன்ற ஊரில் உண்மையாகவே தேட வேண்டிய நோட்டு ஒன்று இருக்கிறது. அதை யாரும் தேடுவதில்லை. 1959இல் ஹஜ் பயணிகளுக்கென்றே ரிசர்வ் வங்கி 10 ரூபாயும் 100 ரூபாயும் தனி நோட்டாக வெளியிட்டது. எண்ணுக்கு முன்னால் ‘எச்.ஏ.’ என்ற ஆங்கில எழுத்துகள். நிறமும் உள்ளூர் நோட்டிலிருந்து வேறு. அதே காலத்தில் குவைத், பஹ்ரைன், கத்தார் போன்ற இடங்களில் புழங்க ‘இசட்’ எழுத்தோடு வளைகுடா ரூபாயும் வந்தது. மாற்றப்பட்ட நோட்டுகள் திரும்பி வந்து அழிக்கப்பட்டன. எவராவது செலவழிக்க மறந்து ஊருக்குக் கொண்டுவந்தவைதான் மிச்சம். 100 ரூபாய் ஹஜ் நோட்டு ஒன்று 2024இல் லண்டன் ஏலத்தில் 50 லட்சம் ரூபாய்க்கு மேல் போனது. அப்பாவின் பழைய பாஸ்போர்ட் உறைக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு தடவை பார்ப்பதில் நஷ்டமில்லை.

நம்பிக்கை: விற்பதற்கு முதலில் வரியும் கமிஷனும் கட்ட வேண்டும், ரிசர்வ் வங்கியே அதற்கு ஏற்பாடு செய்கிறது.

பொய். 2021 ஆகஸ்ட் 4 அன்று ரிசர்வ் வங்கியே எச்சரிக்கை வெளியிட்டது: பழைய நோட்டு, காசு விற்பனையில் தங்களுக்கு எந்தப் பங்கும் இல்லை, கமிஷனோ கட்டணமோ கேட்பதில்லை, எவருக்கும் அப்படிக் கேட்க அனுமதி கொடுக்கவும் இல்லை. வாங்க வருகிறவர் பணம் கொடுப்பார். பணம் கேட்கிறவர் வாங்க வந்தவர் அல்ல.

நம்பிக்கை: அரிசியை இழுக்கும் காசுக்குக் கோடி ரூபாய்.

நெல் விளையும் பூமியிலேயே அரிசியை வைத்து ஏமாற்றுகிறார்கள். ‘ரைஸ் புல்லர்’ என்ற பெயரில் செப்புச் செம்பு, கலசம், கம்பெனிக் காசு எல்லாம் இந்தச் சந்தைக்கு வந்துவிட்டன. உள்ளே இரிடியம் இருக்கிறதாம், மின்னல் தாக்கியதால் சக்தி ஏறியதாம், நாசா வாங்கிக்கொள்ளுமாம். சோதனைச் செலவுக்கு மட்டும் முதலில் சில லட்சம் வேண்டுமாம். இரிடியம் காந்தம் அல்ல, அரிசியும் இரும்பு அல்ல. அரிசி நகர்ந்தால், அதில் இரும்புத்தூள் தடவியிருக்கிறது, பக்கத்தில் காந்தம் ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். ‘சதுரங்க வேட்டை’ 2014இலேயே இதைத் திரையில் விரித்துக் காட்டிவிட்டது. படத்தைப் பார்த்துச் சிரித்தவர்களும் அடுத்த ஆளிடம் ஏமாந்தார்கள்.

இந்த வியாபாரத்தில் அடிக்கடி வரும் சரக்கு, ராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ பொறித்து, ‘ஈஸ்ட் இந்தியா கம்பெனி 1818’ என்று ஆங்கிலத்தில் எழுதிய செப்பு வட்டம். சிலவற்றில் 1616, 1717 என்றும் இருக்கும். கம்பெனி அப்படி ஒரு காசு அடித்ததே இல்லை. பிற்காலத்தில் யாரோ பட்டறையில் செய்த அலங்காரத் துண்டு அது.

நம்பிக்கை: தேய்த்துப் பளபளப்பாக்கினால் விலை கூடும்.

குறையும். புளியும் உப்பும் போட்டுத் தேய்க்கும்போது கறையோடு சேர்ந்து மேல்தோலும் போகும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் முகத்தின் மேலே மெல்லிய கீறல்கள் ஒரே திசையில் ஓடும். வாங்குகிறவர் முதலில் அதைத்தான் தேடுவார். வெள்ளி கறுத்திருந்தால் கறுத்தபடியே இருக்கட்டும். ஓரத்தைப் பிடித்து எடுத்து, உலர்ந்த காகித உறையில் போட்டால் போதும். உப்புக் காற்று அடிக்கும் ஊரில் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டினால் செம்பில் பச்சை பூத்துவிடும்.

நம்பிக்கை: நம் நிலத்தில் கிடைத்தது நம்முடையது; இங்கே விலை போகாவிட்டால் துபாயில் விற்கலாம்.

இரண்டுமே ஆளை உள்ளே தள்ளக்கூடிய நம்பிக்கைகள். 1878ஆம் ஆண்டு புதையல் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. மண்ணில் கிடைத்த புதையல் 10 ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஒரு வருடம் வரை சிறை. தெரிவித்தவருக்கோ சட்டத்தில் பங்கு உண்டு. அரசு எடுத்துக்கொண்டால், உலோக மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தர வேண்டும்.

1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வயது தாண்டிய காசு தொல்பொருள். தனி ஆள் எவரும் அதை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை. விடுமுறைக்கு வந்துவிட்டு விமானம் ஏறுகிற பிள்ளையின் பெட்டியில் 1911 ரூபாயைப் போட்டனுப்புவது ஆசை அல்ல, வம்பு.

நம்பிக்கை: முன்னோர் சேர்த்த காசை விற்றால் அவர்கள் நினைவையே விற்ற மாதிரி.

இதை மட்டும் முழுப் பொய் என்று தள்ள முடியாது. ஆனால் மறுபக்கமும் உண்டு. சங்க கால மன்னர்கள் தங்கள் பெயரில் காசு அடிக்கவில்லை என்ற எண்ணம் 1980கள் வரை பலரிடம் இருந்தது. அதை மாற்றியதில் பெரிய பங்கு ‘தினமலர்’ ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தியுடையது. ‘பெருவழுதி’ என்று தமிழ்-பிராமியில் எழுதிய பாண்டியர் காசை அடையாளம் கண்டவர் அவர். கரூர் அமராவதி ஆற்று மணலிலிருந்து வந்த காசுகளையும் படித்து எழுதினார். காசு யார் கையில் இருக்கிறது என்பதைவிட, அதைப் படிக்கத் தெரிந்தவர் கண்ணில் பட்டதா என்பதே அங்கே முக்கியமானது.

உணர்ச்சிக்குச் சந்தை விலை இல்லை என்பதும் உண்மை. வாப்பா முதல் சம்பளத்தில் எடுத்து வைத்த ரூபாய்க்கு வாங்குகிறவர் தரப்போவது அதே ஆண்டின் மற்ற ரூபாய்க்குத் தரும் விலைதான். அப்படிப்பட்ட ஒற்றைக் காசை விற்று வரும் இரண்டாயிரத்தால் எந்தக் கடனும் அடையாது. அது வீட்டிலேயே இருக்கலாம். யாருடையது, எந்த ஊரில் கிடைத்தது என்று ஒரு சீட்டில் எழுதி அதோடு வைத்தால் பேரனுக்கும் விவரம் தெரியும். ஒரே மாதிரி ஒன்றுக்கு மேல் இருக்கும் வெள்ளி ரூபாய்களையும் சதுர சென்ட்டுகளையும் தாராளமாக விற்கலாம். ஹஜ் நோட்டு, 1911, 1939 போன்றவை சிக்கினால் அவசரமே வேண்டாம்: இரு பக்கமும் படம் எடுத்து, குறைந்தது இரண்டு நாணய வியாபாரிகளிடம் விலை கேட்டு, எழுத்தில் ரசீது வாங்கிக்கொண்டு விற்க வேண்டும். இதற்கிடையில் முன்பணம் கேட்டு எவனாவது ஏமாற்றியிருந்தால், தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்கவும்.