சொல்லும் பொருளும்: வர்க்கம்

வர்க்கம், சாதி, வகுப்பு ஆகிய சொற்களை மாணவர் சிலர் ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றை எழுதிவிடுகின்றனர். இவை ஒரே பொருளுடையன அல்ல. சொல் மாறினால் விடையின் கருத்தே மாறிவிடும். எனவே இச்சொல்லைக் கவனமாக விளங்கிக்கொள்க.

1. சொற்பொருள்

வர்க்கம் என்பது வடசொல். வருக்கம் என்பது அதன் தமிழ் வடிவம். ஓரினமானவற்றின் தொகுதி என்பதே அடிப்படைப் பொருள்.

(அ) எழுத்து: உயிர் வருக்கம், ககர வருக்கம் (ஆத்திசூடியை நினைவுகூர்க).
(ஆ) பொருட்கூட்டம்: பழவர்க்கம்.
(இ) சமூகம்: தொழிலாளர் வர்க்கம், முதலாளி வர்க்கம், மத்தியதர வர்க்கம், ஆளும் வர்க்கம்.

கணிதத்தில் இச்சொல்லுக்குத் தனிப்பொருள் உண்டு. 5 இன் வர்க்கம் 25 ஆகும்.

2. வர்க்கமும் சாதியும்

நிலமும் தொழிற்சாலையும் மூலதனமும் யாரிடம் உள்ளன? கூலிக்கு உழைப்பவர் யார்? இவற்றுக்கான விடையே ஒருவரது வர்க்கத்தைத் தீர்மானிக்கிறது. கல்வியும் உத்தியோகமும் அதனோடு சேர்ந்து வருவன. சாதியோ பிறப்பால் சுமத்தப்படுவது.

கூலித் தொழிலாளியின் மகள் கற்று வைத்தியராகிறாள் எனக் கொள்க. அவளது வர்க்கநிலை மாறிவிடுகிறது. ஆனால், ஊரார் அவளுக்குச் சொல்லும் சாதி மாறுவதில்லை. நிலமற்றிருத்தலும் சாதி ஒடுக்குமுறையும் ஒரே மக்களைச் சேர்ந்து தாக்குவதுண்டு. அப்போதும் இரண்டையும் வேறுபடுத்தியே எழுதுதல் வேண்டும்.

3. வரலாற்று உதாரணங்கள்

பிரித்தானியர் ஆட்சிக்காலத்தில் பெருந்தோட்டம், சாராயக் குத்தகை, காரீயச் சுரங்கம், ஆங்கிலக் கல்வி ஆகியவற்றால் இலங்கையில் புதிய மத்தியதர வர்க்கம் தோன்றியது. அதில் பல இனத்தவரும் பல சாதியினரும் இருந்தனர்.

1911 இல் சட்டநிரூபண சபையின் படித்த இலங்கையர் ஆசனத்துக்குத் தேர்தல் நடைபெற்றது. வாக்குரிமை கற்ற சிறுதொகையினருக்கே இருந்தது. போட்டியிட்ட சட்டத்தரணி பொன்னம்பலம் இராமநாதனும் வைத்தியர் மார்க்கஸ் பெர்னாண்டோவும் ஒரே வர்க்கத்தினர். எனினும் கொவிகம சாதியைச் சேர்ந்த சிங்களவர் பலர், கராவ சாதியினரான பெர்னாண்டோவை விடுத்துத் தமிழரான இராமநாதனை ஆதரித்தனர் என வரலாற்றாசிரியர் விளக்குவர். இராமநாதன் வெற்றிபெற்றார். வர்க்கம் ஒன்றாயிருந்தும் சாதி வாக்கைப் பிரித்தது என்பதை நோக்குக.

1922 இல் ஏ. ஈ. குணசிங்க இலங்கைத் தொழிலாளர் சங்கத்தை அமைத்தார். 1923 இல் கொழும்பில் பொது வேலைநிறுத்தம் நடைபெற்றது. இங்கு மக்களை ஒன்றுசேர்த்தது கூலியுழைப்பு என்ற பொதுநிலையாகும். இதுவே வர்க்க உணர்வு எனப்படும்.

4. வகுப்பு என்னும் சொல்

வரலாற்று நூல்களில் மத்திய வகுப்பு என வரும்போது அது வர்க்கத்தையே குறிக்கும். ஆனால் வகுப்புவாதம் என்பது இன, மத அடிப்படையிலான பிரிவினை மனப்பான்மையாகும். அதனை வர்க்கப் போராட்டம் எனப் பொருள்கொள்வது பிழை.

5. பிழையும் திருத்தமும்

பிழை: செல்வம் பெருகியதால் அவருடைய சாதி உயர்ந்தது.
திருத்தம்: செல்வம் பெருகியதால் அவருடைய வர்க்கநிலை உயர்ந்தது.

பிழை: ஏழைகள் அனைவரும் ஒரே வர்க்கத்தினர்.
திருத்தம்: ஏழைகளுள் கூலித் தொழிலாளரும் உளர், சொந்தமாகச் சிறுநிலம் உடைய விவசாயிகளும் உளர். இவர்கள் வெவ்வேறு வர்க்கத்தினர்.

பயிற்சி

1. வர்க்கம், சாதி ஆகியவற்றுக்கிடையிலான வேறுபாடுகள் இரண்டு தருக.
2. ஆளும் வர்க்கம், வர்க்க உணர்வு ஆகிய தொடர்களை வாக்கியத்தில் அமைத்து எழுதுக.
3. 1911 ஆம் ஆண்டுத் தேர்தலில் வர்க்கமும் சாதியும் பெற்ற இடத்தை ஐந்து வரிகளில் விளக்குக.

நினைவிற் கொள்க: ஒருவரை எந்தச் சொல்லால் குறிக்கின்றோமோ அதற்கேற்பவே அவருடைய துன்பத்துக்கான காரணத்தையும் காண்போம். கூலி குறைவதை விதி என்றோ, சாதி இழிவை வறுமை என்றோ எழுதினால் காரணம் மறைந்துவிடும்.