தாத்தாவின் செவி

சில்வண்டின் ஓசை பாட்டிக்குக் கேட்கிறது, தாத்தாவுக்குக் கேட்பதில்லை. ஏன்?

நம் உட்செவியில் நத்தைக்கூடு போன்ற சுருள் ஒன்று உள்ளது. அதிலுள்ள ஏறத்தாழ 15,000 மயிர்ச்செல்களே ஒலியை நரம்புக்கு உணர்த்துகின்றன. அழிந்தால் அவை மீண்டும் தோன்றா. உயர்ந்த சுருதியுள்ள ஒலிகளைக் கேட்கும் திறன் சராசரியாக ஆண்களுக்கே முன்னதாகக் குறைகிறது. ஆலை இரைச்சல் ஒரு காரணம், அது மட்டுமன்று. செவி தானே மெல்லொலி எழுப்புவதை 1978இல் டேவிட் கெம்ப் கண்டறிந்தார். அவ்வொலி பிறந்த குழந்தைகளிலேயே பெண்களிடம் சற்று வலுவாக உள்ளது. ஆயினும் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு இதைவிடப் பெரிது.

‘ச’, ‘ஸ’ போன்றவை உயர்சுருதி ஒலிகள். ஆதலால் தாத்தாவுக்கு நம் குரல் கேட்கும், சொல் விளங்காது. அதை அலட்சியம் என எண்ணலாகுமா? கத்தாமல், அவர் எதிரே அமர்ந்து நிதானமாகப் பேசுவோம்.