தெருவுக்குக் கீழே போன வீடு

கேள்வி: சென்னையின் தென் புறநகரில், மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை போன்ற பகுதிகளில் 1980களிலும் 1990களிலும் கட்டப்பட்ட தனி வீடுகள் பல இன்று தெருவைவிடத் தாழ்ந்து கிடப்பது ஏன்? ஜாக்கி வைத்து வீட்டை உயர்த்துவது தக்க தீர்வாகுமா?
- வாசகர், மடிப்பாக்கம்

பதில்: வீடு தாழ்ந்துவிட்டதாகத் தோன்றினாலும் பெரும்பாலான இடங்களில் தாழ்ந்தது வீடு அன்று, உயர்ந்தது தெரு. பழைய தார்ப்பரப்பைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே புதிய அடுக்கைப் போடும் வழக்கம் நெடுங்காலம் நீடித்தது. ஓர் அடுக்கு 4 செ.மீ. கனம் என்று கொண்டாலும், ஐந்தாறு முறை போட்டதும் தெரு ஏறத்தாழ முக்கால் அடி உயர்ந்துவிடும். வீடு கட்டும்போது மேஸ்திரி தெருமட்டத்திலிருந்து ஒன்றரை அடி, இரண்டடி என்று விட்ட பேஸ்மட்டம், அதாவது தரைத்தளத்தைத் தாங்கும் அடித்தள உயரம், இவ்வாறு தார் அடுக்குகளுக்குள் கரைந்துபோகிறது.

எனினும் தார்மேல் மட்டும் பழிபோடுவது பாதி உண்மையே. இப்பகுதி ஒரு காலத்தில் சங்கிலித்தொடராக அமைந்த ஏரிகளால் பாசனம் பெற்றது. ஓர் ஏரி நிரம்பினால் அதன் உபரிநீர் கலங்கல் எனப்படும் வழிந்தோடியின் வழியே அடுத்த ஏரிக்குச் செல்லும். கீழ்க்கட்டளை ஏரியின் மிகைநீர் நாராயணபுரம் ஏரிக்கும், அங்கிருந்து பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்கும், பின்னர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கும் போய்ச் சேருகிறது. ஏரி பாயும் வயலான ஆயக்கட்டு, மதகைத் திறந்தால் நீர் தானே இறங்கவேண்டும் என்பதற்காகவே, ஏரியைவிடத் தாழ்ந்த நிலத்தில் அமைந்தது. அந்த நஞ்சைகளே பிற்காலத்தில் மனைகளாகப் பிரித்து விற்கப்பட்டன. வாய்க்கால்கள் பல தெருக்களாயின. பள்ளிக்கரணை 2022-இல் ராம்சர் தலமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது மகிழ்ச்சிக்குரியதே, ஆயினும் அதற்குள் அதன் பெரும்பரப்பு கட்டடங்களுக்கும் குப்பை மேட்டுக்கும் போய்விட்டிருந்தது. எனவே இங்கு மழைநீர் வீட்டைத் தேடி வருவதாகச் சொல்வதைவிட, நீரின் பழைய இடத்தில் வீடு நிற்கிறது என்று சொல்வதே பொருந்தும்.

வீட்டை உயர்த்தும் முறையில், சுவரை ஒட்டிப் பள்ளம் தோண்டி, பேஸ்மட்டத்துக்குக் கீழே கொஞ்சம் கொஞ்சமாகச் செங்கல்லை அகற்றி, சுவரின் அடியில் இரும்புச் சட்டங்களையும் அவற்றைத் தாங்கும் ஜாக்கிகளையும் நெருக்கமாக வைத்து, எல்லா ஜாக்கிகளையும் ஒரே அளவில் சிறிது சிறிதாகத் திருகிக் கட்டடத்தை மேலேற்றி, இடைவெளியைப் புதிய கட்டுமானத்தால் நிரப்புகின்றனர். சுவரே பாரத்தைத் தாங்கும் செங்கல் வீடுகளுக்கு இது ஓரளவு பொருந்தும். தூண்களும் உத்திரங்களும் பாரத்தைத் தாங்கும் கான்கிரீட் சட்டக வீடுகளில் தூணையே அறுக்கவேண்டியிருப்பதால் ஆபத்து மிகுதி. கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் சுவர் விரிசல்களையும் மண்ணின் தன்மையையும் நேரில் பார்க்காமல் பணியைத் தொடங்குவது அறிவீனம். வீடு உயர்ந்தாலும் சம்பு எனப்படும் நிலத்தடி நீர்த்தொட்டியும் செப்டிக் டேங்கும் பழைய மட்டத்திலேயே இருந்து வெள்ளத்தில் மூழ்கும் என்பதைப் பலர் செலவுக் கணக்கில் சேர்ப்பதில்லை. முற்றத்தையும் மண் கொட்டி உயர்த்தினால், அங்கு தேங்கிய நீர் பக்கத்து வீட்டுக்குள் இறங்கும் என்பதையும் கருதவேண்டும்.

ஆகவே வீட்டை உயர்த்துவது கடைசி வழியாகவே இருத்தல் வேண்டும். புதிய சாலை போடுமுன் பழைய பரப்பைச் சுரண்டி, தெருவின் மட்டம் உயராமல் பார்த்துக்கொள்ளவேண்டும் என்று 2021-இல் தமிழகத் தலைமைச் செயலரே அறிவுறுத்தியுள்ளார். தெருவாசிகள் இன்றைய சாலை மட்டத்தைக் காம்பவுண்டு சுவரில் வண்ணக்கோடாகக் குறித்து, அதன் படத்துடன் கூட்டாக மனு எழுதி, அடுத்த தார் லாரி தெருவுக்குள் நுழையுமுன் வார்டு அலுவலகப் பொறியாளரிடம் அளிப்பது நல்லது.