தானே அடுக்கிக்கொள்ளும் மூலக்கூறுகள்

கேள்வி: சிவகாசி அச்சகங்களில் பயன்படும் ஸ்டிக்கர் பசையிலும் ஃப்ளெக்சோ தகட்டிலும் ‘பிளாக் கோபாலிமர்’ இருக்கிறதாமே, அது என்ன?
– ஒரு வாசகர், நாரணாபுரம்

பதில்: வெவ்வேறு பாலிமர் சங்கிலிகள் முனையோடு முனை பிணைந்த மூலக்கூறே பிளாக் கோபாலிமர். எண்ணெயும் தண்ணீரும் போல அச்சங்கிலிகள் ஒன்றையொன்று விலக்கும். பிணைப்பு இருப்பதால் முழுதாகப் பிரியவும் முடியாது. ஆகவே 10 முதல் 100 நானோமீட்டர் அளவுள்ள பகுதிகளாகத் தாமே ஒழுங்குபடுகின்றன. ஒரு சங்கிலியின் பங்கு குறைவானால் அது கோளங்களாகத் திரளும். பங்கு கூடக்கூட உருளைகள், பின்னிய வலை, இரு சங்கிலிகளின் பங்கும் ஏறக்குறைய சமமானால் அடுக்குகள் உருவாகும்.

பிளாக் கோபாலிமருடன், அதன் சங்கிலிகளில் ஒன்றின் இனத்தைச் சேர்ந்த தனிப் பாலிமரைக் கலந்தால், அது தன் இனப் பகுதிக்குள் புகுந்து அளவையும் வடிவத்தையும் மாற்றும். கலக்கும் சங்கிலி மிக நீளமானால் தனியே பிரிந்துவிடும்.

ஃப்ளெக்சோ தகடுகள் பலவற்றிலும் ஸ்டிக்கர் பசைகள் சிலவற்றிலும் இருப்பது ஸ்டைரீன்-ஐசோப்ரீன்-ஸ்டைரீன் என்ற பிளாக் கோபாலிமர். அதில் கெட்டியான ஸ்டைரீன் பகுதிகள் முடிச்சுகளாக நின்று, மென்மையான ரப்பர் சங்கிலிகளைப் பிடித்துக்கொள்கின்றன. சுமார் 100 டிகிரி செல்சியஸில் முடிச்சுகள் இளகத் தொடங்கும். அதற்கு மேல் பசையை உருக்கிப் பூசலாம். ஆறியதும் முடிச்சுகள் மீண்டும் இறுகும். பசைக்காகச் சேர்க்கும் பிசின் ரப்பர் பகுதியில் கலந்தால்தான் ஒட்டும் தன்மை வரும். பிசினின் அளவைப் போலவே, அது எந்தப் பகுதியில் கலக்கிறது என்பதும் பசையின் தரத்தைத் தீர்மானிக்கிறது.