வடக்கே போகும் லாரியில் தண்ணீர் உறையாமல் காப்பது எப்படி?

நாமக்கல்லையும் ஸ்ரீநகரையும் ஒரே சாலைதான் சேர்க்கிறது. சேலம், நாமக்கல், கரூர் என்று இறங்கிக் கன்னியாகுமரிக்குப் போகும் தேசிய நெடுஞ்சாலை 44-இன் வடமுனை காஷ்மீர். ஆனால் மார்கழி விடியலில்கூட நம் சமவெளியில் தண்ணீர் உறைந்து யாரும் பார்த்ததில்லை. அதனால் இங்கே பாடி கட்டும்போது வெயிலையும் பாரத்தையும் நினைத்துக் கட்டுகிறோம். பனி நினைவுக்கே வருவதில்லை. வாரக்கணக்கில் வண்டியிலேயே தங்கி, சமைத்து, குளித்து வாழும் ஓட்டுநருக்கும் கிளீனருக்கும் பக்கவாட்டில் தொங்கும் தண்ணீர் டேங்க்தான் கிணறு. காஷ்மீரில் டிசம்பர் 21 முதல் 40 நாள் ‘சில்லாய் கலான்’ என்னும் கடுங்குளிர். ஸ்ரீநகரில் இரவு வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே போவது அப்போது அன்றாடம். அந்த நாட்களில் லோடு எடுப்பவர்களுக்கு இந்தக் கட்டுரை.

தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பருக்கும். பருக்க இடம் இருந்தால் எதுவும் உடையாது. பாதி காலியான டேங்க் பெரும்பாலும் தப்பிவிடும். வால்வுக்கும் குழாய்க்கும் நடுவே மாட்டிக்கொண்ட அரை டம்ளர் தண்ணீர் பித்தளையையே பிளந்துவிடும். தண்ணீர் எங்கெல்லாம் தேங்கும் என்று கண்டுபிடித்து, குளிர் வருமுன் அதை வெளியேற்றுவதுதான் முழு வேலையும்.

ஊரிலேயே செய்ய வேண்டியது

வண்டி பட்டறையில் நிற்கும்போதே டேங்கின் அடித்தட்டில் ஒரு வடிகால் வால்வு போடச் சொல்லுங்கள். பக்கவாட்டில் மட்டும் குழாய் வைத்த டேங்கில் கடைசி இரண்டு விரல் தண்ணீர் எப்போதும் தங்கும். டேங்கிலிருந்து பி.வி.சி. பைப் போட்டிருந்தால் மாற்றிவிடுங்கள். குளிரில் அது விறைத்து, சிறு அடிக்கே உடையும். நூல் பின்னிய ஹோஸ் கொஞ்சம் விரிந்து கொடுக்கும். எங்கும் தொய்ந்து தொங்காமல், வடிகாலை நோக்கிச் சரிவாக அதைக் கிளிப் போட்டுப் பிடியுங்கள். ஏ.சி. பைப்புக்குச் சுற்றும் கறுப்பு ஃபோமை மேலே போட்டால் உறைவது சில மணி நேரம் தள்ளிப்போகும். அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம்.

திருச்செங்கோட்டு போர்வெல் ரிக்கோடு போகும் சப்போர்ட் லாரியில் டேங்க் பெரியது. போர் போடும்போது தண்ணீர் செலுத்தும் பம்பும் சேர்ந்திருக்கும். குளிர்ப் பகுதியில் வேலை முடிந்த ஒவ்வொரு மாலையும் பம்பின் அடிப் பிளக்கைக் கழற்றி வடியவிடுங்கள். பம்ப் ஹெட் வெடித்தால் அந்தக் காட்டில் மாற்று கிடைக்காது.

அடுத்து ரேடியேட்டர். நம் பக்கம் கூலன்ட் குறைந்தால் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டுவது வழக்கம். அப்படி நீர்த்துப்போன கலவையோடு பனிக்குள் போனால் ரேடியேட்டர் மட்டுமல்ல, இன்ஜின் பிளாக்கே விரியலாம். பழையதை இறக்கிவிட்டு, கூலன்ட்டும் சுத்தத் தண்ணீரும் சரிபாதியாக ஊற்றினால் மைனஸ் 35 டிகிரி வரை பயமில்லை. கலந்தே விற்கும் கூலன்ட்டில் மேலும் தண்ணீர் சேர்க்கக் கூடாது. முழுக்கக் கூலன்ட்டாக ஊற்றினால் இன்னும் நல்லது என்று நினைப்பதும் தவறு. கலக்காத எத்திலீன் கிளைக்கால் மைனஸ் 13 டிகிரியிலேயே உறையும்.

இந்தக் கூலன்ட்டைக் குடிநீர் டேங்கில் ஒரு சொட்டுகூட ஊற்றாதீர்கள். லேசாக இனிக்கும் நஞ்சு அது; சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரை எடுக்கும். குளிர்நாடுகளில் கேரவன் வண்டிகளின் தண்ணீர்க் குழாய்களில் ஊற்றுவது புரொப்பிலீன் கிளைக்கால் கலந்த வேறு திரவம். நிறத்தை வைத்து இரண்டும் ஒன்றென்று எண்ணக் கூடாது.

ஜம்முவில்

பஞ்சாப், ஹரியானாவில் இரவு பூஜ்யத்தை நெருங்கும். ராஜஸ்தானில் சூரு, சிகர் பக்கம் சில இரவுகளில் அதற்கும் கீழே போகும். அங்கே ராத்திரி குழாயை மட்டும் வடித்துவிட்டால் போதும். ஜம்முவைத் தாண்டி மலை ஏறுமுன் டேங்க் முழுவதையும் காலி செய்யுங்கள்.

வடிகாலைத் திறந்து, எல்லாக் குழாய்களையும் திறந்துவிட்டு, மோட்டார் இருந்தால் சில நொடி மட்டும் ஓட்டுங்கள். பிறகு டயருக்குக் காற்று பிடிக்கும் ஹோஸ் லாரியிலேயே இருக்கிறதே, அதை எடுத்துத் தண்ணீர்க் குழாயில் ஊதுங்கள். முழு அழுத்தத்தில் அடித்தால் இணைப்புகள் கழன்றுவிடும்; கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். துளி தெறிப்பது நிற்கும்வரை ஊத வேண்டும். கடைசியாக, பால் வால்வுகளின் கைப்பிடியைப் பாதித் திறப்பில் நிறுத்துங்கள். முழுக்கத் திறந்தாலும் மூடினாலும் உள்ளிருக்கும் உருண்டையைச் சுற்றிக் கொஞ்சம் தண்ணீர் சிறைப்பட்டு நிற்கும்; வால்வு வெடிப்பது அதனால்தான்.

குடிக்கவும் சமைக்கவும் 20 லிட்டர் கேன்களை முக்கால் அளவு நிரப்பிக் கேபினுக்குள் வையுங்கள். ராம்பன் பகுதியில் மண் சரிந்தாலோ பனி கொட்டினாலோ வண்டிகள் நாள்கணக்கில் நிற்கும். ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர் என்று கணக்குப் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

இரவில் நிறுத்தும்போது

பிரேக்கின் ஏர் டேங்கிலும் தண்ணீர் சேரும். மாலையில் வடிகாலை இழுத்து அதை வெளியேற்றாவிட்டால் உறைந்து வால்வை அடைக்கும். காலையில் பிரேக் சரியாக வேலை செய்யாது. ஈரச் சாலையில் வந்திருந்தால், நிறுத்துமுன் நாலைந்து முறை மெல்லப் பிரேக் மிதித்து டிரம்மை உலர்த்துங்கள். டீசலை அந்தப் பகுதி பங்கிலேயே போடுங்கள்; ஊர் டீசல் கடுங்குளிரில் மெழுகு கட்டும். லடாக்குக்கென்றே மைனஸ் 33 டிகிரி வரை உறையாத டீசலை இந்தியன் ஆயில் 2019-இல் கொண்டுவந்தது. ஓட்டுநர்கள் யூரியா என்று சொல்லும் கரைசல் மைனஸ் 11 டிகிரியில் உறையும். அதன் டேங்கைக் கழுத்து வரை நிரப்பாமல் விட்டால் போதும். உருக்கும் வேலையை வண்டி பார்த்துக்கொள்ளும்.

கேபின் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே அடுப்பையோ கரியையோ எரிக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார். கேன் தண்ணீர் உறைந்தாலும் பரவாயில்லை. கம்பளியை இன்னும் ஒன்று எடுத்துப் போர்த்திக்கொள்ளுங்கள்.

உறைந்துவிட்டால்

தீப்பந்தம் காட்டுவதும், டீசல் டேங்குக்கு அடியில் நெருப்பு மூட்டுவதும் வேண்டவே வேண்டாம். குழாயைத் திறந்து வைத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியைக் குழாய் வாயிலிருந்து டேங்க் பக்கமாகச் சுற்றிக்கொண்டே போங்கள். கொதிநீர் ஊற்றினால் விரிசல் விடும். பனி இளகும்வரை மோட்டாரைப் போடாதீர்கள். ரேடியேட்டர் உறைந்திருக்கும் என்று சந்தேகம் வந்தால் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் வெயில் ஏறக் காத்திருங்கள் அல்லது மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

மலை இறங்கிய பிறகு

விரிசல் விட்ட இடத்தைப் பனிக்கட்டியே அடைத்துக்கொண்டிருக்கும். உருகிய பிறகுதான் ஒழுகும். ஆகவே ஜம்முவில் டேங்கைக் கால்வாசி நிரப்பி, கால் மணி நேரம் நின்று ஒவ்வொரு இணைப்பையும் கையால் தடவிப் பாருங்கள். ஒழுகல் இல்லையென்றால் அந்தத் தண்ணீரைக் கொட்டி, டேங்கைக் கழுவி, அதன் பிறகு முழுக்கப் பிடித்துக்கொண்டு தெற்கே கிளம்புங்கள்.